கடற்சொறியும் சொறிநாயும்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தில் சென்றவர்கள் ஆலப்பாக்கமும் புதுச்சத்திரமும் கடந்து பி.முட்லூரை அடையும்போது இடப்பக்கம் ஒரு சாலை பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். அது பரங்கிப்பேட்டைக்குப் போகும் சாலை. வெள்ளாறு கடலோடு கலக்கும் அவ்வூரில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரின உயராய்வு மையம் 1961 முதல் இயங்கி வருகிறது. அந்தக் கரையில் வலை உதறும் மீனவர்களோடு சற்று நேரம் நின்று பாருங்கள். மீனோடு மீனாக வந்து விழும் கண்ணாடிக் கூழ் போன்ற ஓர் உயிரை அவர்கள் காலாலும் தொடாமல் ஒதுக்கித் தள்ளுவார்கள். படித்தவர்கள் அதை ஜெல்லி மீன் என்றும் இழுதுமீன் என்றும் சொல்வார்கள். கரையோரத்து மக்கள் வைத்த பெயர் 'சொறி'. தொட்ட இடம் தடிக்கும், எரியும், பிறகு அரிக்கும். இதைவிடப் பொருத்தமான பெயரை எந்த விஞ்ஞானியும் வைத்துவிட முடியாது.

அங்கிருந்து சிதம்பரம் போய்த் தேரோடும் வீதிகளில் நடந்தால் வேறொரு சொறியைக் காண்பீர்கள். முதுகின் பின்பாதியில் மயிர் உதிர்ந்து, தோல் யானைத் தோல் போல் கறுத்துத் தடித்து, சுவரோரமாக உடம்பைத் தேய்த்துக் கொண்டு போகும் ஒரு நாய். நாம் அதைச் 'சொறிநாய்' என்போம். நம் மொழியில் அது வசைச் சொல்லும்கூட. நாய்க்கு அந்தப் பெயர் ஒருமுறை விழுந்துவிட்டால், நேற்று வரை சோறு வைத்த வீட்டிலும் வாசற்படி ஏற முடியாது. வெறிநாய் என்ற சொல்லோடு அது எதுகை பொருந்தி நிற்பதும் நாயின் கெட்ட காலம். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கல்லெறிகிறவர்கள் உண்டு.

கடலில் மிதக்கும் சொறிக்கும் தெருவில் திரியும் சொறிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? தொடர்பு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஓர் இளவரசரின் கப்பலும், சில பிரெஞ்சு விஞ்ஞானிகளும், நெப்டியூன் என்ற ஒரு நாயும் தேவைப்பட்டன.

நெப்டியூன் இறந்த கதை

1901-ஆம் ஆண்டுக் கோடையில் மொனாக்கோ நாட்டு மன்னர் முதலாம் ஆல்பர்ட் தம் ஆராய்ச்சிக் கப்பலில் அட்லாண்டிக் கடலுக்குப் புறப்பட்டார். கடலாராய்ச்சியில் பெரும் பித்துக் கொண்டவர் அவர். சார்லஸ் ரிஷே, பால் போர்த்தியே என்ற இரு உடலியல் அறிஞர்களையும் உடன் அழைத்துச் சென்றார். 'பைசேலியா' என்ற நீலநிறக் கடற்சொறி மாலுமிகளை ஏன் அப்படித் துடிக்க வைக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்பது அவர் வேண்டுகோள். (பைசேலியாவை உண்மையான ஜெல்லி மீன் என்று விலங்கியலார் ஒப்புக்கொள்வதில்லை. அது பல சிற்றுயிர்கள் கூடி வாழும் ஒரு கூட்டுக் குடும்பம். சொறி என்ற நம் பெயர் இரண்டுக்கும் பொருந்தும்.) கப்பலிலேயே அதன் உணர்கொடுக்குகளிலிருந்து நச்சைப் பிரித்தெடுத்தார்கள்.

பாரிசுக்குத் திரும்பிய பின் பைசேலியா கிடைக்கவில்லை. ஆகவே கடற்சாமந்தி என்னும் உயிரின் நச்சை எடுத்துக் கொண்டு நாய்களிடம் சோதனையைத் தொடர்ந்தார்கள். அவர்கள் எதிர்பார்த்தது இதுதான்: சிறிதளவு நச்சை ஊசி மூலம் ஏற்றினால் நாயின் உடல் அதற்குப் பழகிக் கொள்ளும், அடுத்தமுறை அதே நச்சு அதை ஒன்றும் செய்யாது. அம்மைப்பால் வைத்துக்கொண்டவருக்கு அம்மை வராததைக் கண்டிருந்த காலம் அல்லவா? அப்படி எதிர்பார்த்ததில் தவறில்லை.

நெப்டியூன் நல்ல உடற்கட்டுள்ள நாய். முதல் ஊசி அதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. சில வாரங்கள் சென்றன. நாய் முழு நலத்தோடு ஓடியாடிக் கொண்டிருந்தது. 1902 பிப்ரவரியில் மீண்டும் ஒரு சிற்றளவு நச்சு ஏற்றப்பட்டது. சில நொடிகளில் நாய் மூச்சுத் திணறியது, நிற்க முடியாமல் சாய்ந்தது, வாந்தி எடுத்தது. 25 நிமிடங்களில் உயிர் போயிற்று. பழகிக் கொள்ள வேண்டிய உடல் பழகவில்லை. மாறாக, முதல் ஊசியை நினைவில் வைத்திருந்து, இரண்டாவது முறை தன்னையே அழித்துக் கொண்டது!

காப்புக்கு எதிர்மாறானது என்ற பொருளில் இதற்கு 'அனாபிலாக்சிஸ்' என்று ரிஷே பெயர் சூட்டினார். 1913-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. நெப்டியூனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மனிதரின் ஒவ்வாமை பற்றி இன்று நாம் அறிந்தவற்றின் முதல் ஏடு ஒரு நாயின் உடலில் எழுதப்பட்டது. அப்படியிருந்தும், நாய்க்கே ஒவ்வாமை நோய் வரும் என்று மருத்துவம் ஒப்புக்கொள்ள மேலும் 40 ஆண்டுகள் ஆயின.

'அலர்ஜி' என்ற சொல் 1906-ல் பிறந்தது. வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே, மாறிய எதிர்வினை என்ற பொருள்பட இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து அதை ஆக்கினார். நாம் ஒவ்வாமை என்கிறோம். உடலுக்கு ஒவ்வாதது என்னும்போது குற்றம் பொருளின் மீது விழுகிறது. பிர்கேயின் சொல்லோ உடலின் மீது விரலை நீட்டுகிறது. மகரந்தம் நஞ்சன்று. பாலும் நஞ்சன்று. அவற்றைப் பகைவன் என்று தவறாக எண்ணிப் போர் தொடுக்கும் உடலே நோய்க்குக் காரணம்.

மீனும் ஒரு டாக்டரும்

அந்தத் தவற்றைச் செய்வது உடலின் எந்தப் பகுதி? 1921-ல் பிரெஸ்லா நகரில் இரண்டு டாக்டர்கள் இதற்கு விடை தேடினார்கள். ஹைன்ஸ் குஸ்ட்னர் என்பவருக்குச் சமைத்த மீன் ஆகாது. தின்றால் உடம்பெல்லாம் தடிக்கும். நம் கடலூர் முதுநகரில் பிறந்திருந்தால் என்ன பாடு பட்டிருப்பாரோ! அவருடைய இரத்தநீரில் ஒரு துளியை எடுத்துக் கார்ல் பிரவுஸ்னிட்ஸ் தம் வயிற்றுத் தோலில் ஊசியால் ஏற்றிக் கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றை ஏற்றியதும் தோல் தடித்துச் சிவந்தது. மீனைத் தடையின்றித் தின்னக்கூடியவரின் தோலில் நண்பரின் ஒவ்வாமை குடியேறிவிட்டது. ஆக, குற்றவாளி இரத்தநீரில் இருக்கும் ஏதோ ஒரு பொருள்.

அந்த 'ஏதோ ஒன்று' இன்னதென்று தெரிய 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியர் கிமிஷிகே இஷிசாகாவும் தெருகோ இஷிசாகாவும் அந்த எதிர்ப்பொருளைப் பிரித்துக் காட்டினார்கள். இம்யூனோகுளோபுலின்-ஈ என்பது அதன் பெயர். இரத்தத்தில் அது மிகச் சொற்ப அளவே இருக்கும். தோலில் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் வெடித்திரி போல் ஒட்டிக் கொண்டிருக்கும். ஒவ்வாப் பொருள் வந்து பட்டதும் செல் வெடித்து ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்டும். அரிப்பும் தடிப்பும் பின்தொடரும். நாயின் உடலிலும் இதே எதிர்ப்பொருள் உண்டென்பது 1970-களில் உறுதியாயிற்று.

கோடைச் சிரங்கின் புதிர்

இனி நாயின் பக்கம் வருவோம். சொறி என்றாலே பூச்சி என்பது பழைய செய்தி. 1687-ல் இத்தாலியின் லிவோர்னோ நகரில் பொனோமோ என்ற மருத்துவரும் செஸ்டோனி என்ற மருந்து வணிகரும் மனிதச் சொறியை ஆராய்ந்தார்கள். ஏழைத் தாய்மார்கள் பிள்ளைகளின் சொறியிலிருந்து ஊசி முனையால் எதையோ எடுத்து எறிவதைப் பொனோமோ கவனித்தார். அதையே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது ஆமை வடிவில் ஒரு சிற்றுண்ணி தெரிந்தது. மருத்துவ நூல்கள் கெட்ட இரத்தம், கெட்ட நீர் என்று எழுதிக் கொண்டிருந்த காலத்தில், படிக்காத தாய்மார்களுக்கு உண்மை தெரிந்திருந்தது.

ஆனால் எல்லாச் சொறியிலும் சிற்றுண்ணி கிடைப்பதில்லை. அமெரிக்காவில் வெயில் காலம் தோறும் நாய்களுக்கு முதுகிலும் வால் அடியிலும் வரும் ஒரு சிரங்கைக் 'கோடைச் சிரங்கு' என்றார்கள். சூடு, கொழுத்த தீனி, கெட்டுப்போன இரத்தம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நம் ஊரில் 'உடம்புச் சூடு' என்கிறோமே, அதுவேதான். 1938-ல் கிஸ்ஸிலெஃப் என்ற கால்நடை மருத்துவர் இந்தக் கோடைச் சிரங்குக்குக் காரணம் நாயின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியே என்று எழுதினார். எல்லா நாயையும்தானே தெள்ளு கடிக்கிறது, இது மட்டும் ஏன் இப்படிச் சொறிகிறது? தெள்ளின் எச்சிலுக்கு இந்த நாயின் உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டது. ஒவ்வாமை உள்ள நாயைப் பிடித்தாட்ட நூறு தெள்ளு வேண்டாம், இரண்டொன்று போதும். ஆகவே 'எங்கள் நாயின் மேல் தெள்ளே இல்லையே' என்று வீட்டுக்காரர் சொல்வதில் பொருளில்லை. கடித்த தெள்ளை நாய் நக்கி விழுங்கியிருக்கும்.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1941-ல், மினியாபொலிஸ் நகரின் ஒவ்வாமை மருத்துவர் விட்டிச் இன்னொன்றைத் தெரிவித்தார். ஒரு நாய்க்கு இலையுதிர் காலம் தோறும் கண்ணும் மூக்கும் ஒழுகின. மனிதருக்கு மகரந்தக் காய்ச்சல் வருமே, அதைப் போல. லண்டனில் 1911-ல் லெனர்ட் நூன் மனிதருக்குச் செய்ததைப் போலவே, ஒவ்வாத பொருளைச் சிறிது சிறிதாக ஏற்றி நாயின் உடலைப் பழக்கினார். நாய்க்குப் பரம்பரைச் சார்புள்ள ஒவ்வாமை வரும் என்பதற்கு ஏட்டில் ஏறிய முதற்சான்று இது. அங்கே மகரந்தக் காய்ச்சலுக்குப் பேர்போன ராக்வீட் செடிக்கு நம் பக்கத்தில் ஒரு நெருங்கிய உறவு உண்டு: 1950-களில் புனேயில் தலைகாட்டி நாடெங்கும் பரவிய பார்த்தீனியம். கடலூர் மாவட்டத்துச் சாலையோரங்களிலும் அது வெள்ளைப் பூவோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இருப்பினும், நாய்களுக்கு அடிக்கடி ஒத்துக்கொள்ளாத பொருள் பூவில் இல்லை, படுக்கையில் இருக்கிறது. 1964-ல் ஆலந்து நாட்டின் லைடன் நகர ஆராய்ச்சியாளர்கள், வீட்டுத் தூசி ஒவ்வாமைக்குக் காரணம் தூசியில் வாழும் ஒரு சிற்றுண்ணி என்று காட்டினார்கள். அதன் நீளம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். தண்ணீர் குடிக்காது; காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழும். ஐப்பசி, கார்த்திகையில் கடலூர்க் கடற்கரைக் காற்று எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உப்பு நீராகிவிடும் அந்த நாட்களில் இலவம்பஞ்சுத் தலையணையும் பழஞ்சாக்கும் தூசியுண்ணிக்குச் சத்திரமாகிவிடுகின்றன.

சிதம்பரத்தில் ஒரு நாய்

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மணி என்ற செம்பழுப்பு நாய் இருந்தது. இரண்டு வயதில் காலை நக்கத் தொடங்கியது. பிறகு காது, பிறகு இடுப்பு. சூடு என்றார்கள், விளக்கெண்ணெய் தேய்த்தார்கள். கேட்காததால் மண்ணெண்ணெயும், வண்டிப் பட்டறையில் வடித்த கழிவெண்ணெயும் பூசினார்கள். (இவற்றைப் பூசவே பூசாதீர்கள். தோலைப் பொசுக்குவதோடு, நாய் நக்கும்போது உள்ளே போய் நுரையீரலையும் குடலையும் கெடுக்கும்.) அதன் பின் ஒருவர் ஊசி போட்டார். மறுநாளே அரிப்பு நின்றது! மூன்று வாரத்தில் திரும்பியது. மீண்டும் ஊசி. ஓராண்டில் நாய் குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தது, வீடெங்கும் சிறுநீர் கழித்தது, வயிறு தொங்கியது. வீட்டில் கைக்குழந்தை ஒன்று உண்டு. குழந்தைக்கும் சொறி ஒட்டிக்கொள்ளும் என்று பாட்டி பயந்தார். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று ஒரு சாக்குப்பையும் எடுத்து வைத்தாயிற்று.

அந்த ஊசியின் வரலாறும் ஒரு நோபல் பரிசின் வரலாறே. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் கொடுத்தார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவரும் பரிசு பெற்றார்கள். அந்தக் குடும்பத்து மருந்துகள் அரிப்பை ஒரே நாளில் அடக்கும். காரணத்தை அவை தொடுவதில்லை. உடலின் காவற்படை முழுவதையும் தூங்க வைத்துவிடுகின்றன. அளவறிந்து சில நாள் கொடுத்தால் நல்ல மருந்து. காரணம் தேடாமல் மாதந்தோறும் போட்டால் மணிக்கு நேர்ந்ததுதான் நேரும்.

சாக்கில் போவதற்கு முன்பு மணியை ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றார்கள். அவர் ஊசியை எடுக்கவில்லை. முதலில் கேள்விகளைக் கேட்டார். அரிப்பு முதலில் வந்ததா, புண் முதலில் வந்ததா? எந்த வயதில்? எந்த மாதத்தில் கூடுகிறது? எங்கே படுக்கும்? என்ன தின்னும்? வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா? பிறகு நெருக்கமான சீப்பால் இடுப்பு மயிரை வாரி, விழுந்த கரும்பொடியை நனைத்த வெள்ளைத் துணியில் தட்டினார். பொடியைச் சுற்றிச் செந்நிறம் படர்ந்தது. வெறும் மண்ணானால் சிவக்காது. இது இரத்தம் குடித்த தெள்ளின் எச்சம். இந்தச் சோதனையை நீங்களும் வீட்டில் செய்யலாம்.

அடுத்து, காது மடலின் ஓரத்தை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். சிற்றுண்ணிச் சொறி இருந்தால் பெரும்பாலான நாய்கள் உடனே பின்னங்காலைத் தூக்கிச் சொறிவது போல் உதைக்கும். மணி உதைக்கவில்லை. கத்தியால் தோலை மெல்லச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தார், ஒன்றுமில்லை. ஆனாலும் சிற்றுண்ணி ஒளிந்திருக்கலாம் என்று அதற்கும் சேர்த்தே மருந்து கொடுத்தார். 2013, 2014-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஐசாக்சசோலின் வகை மாத்திரைகள் இதை எளிதாக்கிவிட்டன. தெள்ளு, உண்ணி, சொறியுண்ணி எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை. வலிப்பு வரும் நாய் என்றால் மட்டும் மருத்துவரிடம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று: நாயின் மேல் தெரியும் தெள்ளு மொத்தத்தில் 5 சதவீதம்தான். மீதி 95 சதவீதம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரைவெடிப்பிலும் பாயிலும் கிடக்கிறது. ஆகையால் சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் போடச் சொன்னார். அந்த வீட்டுச் சாக்குக்குக் கடைசியில் நல்ல பயன் கிடைத்தது!

மாதம் ஒன்றானதும் இடுப்பில் மயிர் முளைத்தது. பாதமும் காதும் மட்டும் இன்னும் அரித்தன. இங்கேதான் பலர் பொறுமை இழக்கிறார்கள். ஒரு நாய்க்கு ஒரே ஒவ்வாமைதான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

இனி உணவுச் சோதனை. நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாத உணவுகள் மாட்டிறைச்சி, பால்பொருள், கோழி, கோதுமை ஆகியவை. அந்த நாய் இதுவரை தின்றே இராத ஒரு புரதத்தை மட்டும் 8 வாரம் கொடுக்க வேண்டும். கடலூர் துறைமுகத்து நாய்க்கு மீன் புதிதன்று. தயிர்சாதத்தில் வளர்ந்த சிதம்பரத்து மணிக்கு மீன் புதிது. மணிக்கு மீனும் சோறும் விதிக்கப்பட்டன. அது சைவ வீடு! பக்கத்து வீட்டில் சமைத்துத் திண்ணையில் வைத்தார்கள். இடையில் ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், பாட்டியே பிஸ்கட் டப்பாவைப் பூட்டி வைத்தார். 8 வாரம் முடிந்தும் காலை நக்குவது நிற்கவில்லை. தயிர்சாதம் குற்றமற்றது என்று தீர்ப்பாயிற்று.

எல்லாவற்றையும் கழித்த பின் எஞ்சியது சுற்றுச்சூழல் ஒவ்வாமை. இதை ஒரே இரத்தச் சோதனையில் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு, அது சரியன்று. இரத்தச் சோதனையும் தோலில் ஊசியிட்டுப் பார்க்கும் சோதனையும், எந்தப் பொருள் என்று அறியத்தான் உதவும். இதுதான் நோயா என்று சொல்ல மாட்டா. நலமுள்ள நாய்க்கும் அவை எதிர்வினை காட்டுவதுண்டு. நோயை அறியத் துணைபுரியும் குறிகளை ஆலந்து நாட்டின் வில்லெம்சே 1986-ல் வகுத்தார். 2010-ல் ஃபாவ்ரோவும் அவர் தோழர்களும் அவற்றைத் திருத்தினார்கள். மூன்று வயதுக்குள் தொடக்கம், வீட்டுக்குள் வாழ்வு, முன்பாதமும் காதுமடலும் அரித்தல், மடலின் ஓரம் மட்டும் தப்பியிருத்தல், இடுப்பில் நோயின்மை, புண்ணுக்கு முன்பே அரிப்பு என்று அவை 8. இவற்றில் ஐந்து பொருந்தினாலும் நூற்றுக்கு நூறு உறுதி கிடையாது. ஐந்து நாய்களில் ஒன்று தவறாகச் சிக்கக்கூடும். அதனால்தான் கழித்துப் பார்க்கும் வழியை எந்த மருத்துவரும் விட முடிவதில்லை.

பாட்டியின் பயத்துக்கும் விடை சொல்ல வேண்டும். ஒவ்வாமைச் சொறி எவருக்கும் ஒட்டாது. சிற்றுண்ணிச் சொறியானால் நாயைத் தூக்குகிறவர் கையிலும் வயிற்றிலும் சில நாள் அரிப்பு வரலாம். நாயின் சிற்றுண்ணி மனிதத் தோலில் நெடுநாள் குடும்பம் நடத்தாது, நாய் குணமானதும் அதுவும் போய்விடும்.

ஒவ்வாமைக்கு முற்றான நிவாரணம் இன்றும் இல்லை. கட்டுக்குள் வைக்கலாம். நூனும் விட்டிச்சும் காட்டிய பழக்கும் ஊசிகள், மாதக்கணக்கில் தொடர்ந்தால், பாதிக்கு மேற்பட்ட நாய்களுக்குப் பயன் தருகின்றன. 2004-ல் இன்டர்லூக்கின்-31 என்ற புரதம் கண்டறியப்பட்டது. தோலின் அரிப்புச் செய்தியை நரம்புக்கு எடுத்துச் செல்லும் தூதன் அது. அத்தூதனின் வழியை அடைக்கும் ஒக்ளாசிட்டினிப் மாத்திரை 2013-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தூதனையே பிடித்துக் கட்டும் எதிர்ப்பொருள் ஊசி அடுத்த சில ஆண்டுகளில் வந்தது. இதிலும் ஒரு விந்தை: எந்த எதிர்ப்பொருள் வழிதவறியதால் நோய் வந்ததோ, அதே இனத்து வேறோர் எதிர்ப்பொருளே இங்கு மருந்து. இவற்றின் விலை சாதாரணக் குடும்பத்துக்குக் கனமானது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

மணிக்கு அந்த ஊசியெல்லாம் போடவில்லை. மழைக்காலத்தில் மட்டும் சில வாரம் மாத்திரை. வாரம் ஒருமுறை குளோர்ஹெக்சிடின் கலந்த குளியல், ஏனென்றால் சொறிந்த தோலில் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் குடியேறித்தான் அந்த நாற்றத்தைக் கிளப்புகின்றன. பஞ்சு மெத்தைக்குப் பதில் துவைக்கக்கூடிய பருத்தித் துணி. மாதந்தவறாமல் தெள்ளு மருந்து. தேதிகளைப் பாட்டி தினசரிக் காட்டியில் வட்டமிட்டு வைக்கிறார். கைக்குழந்தையாயிருந்தவன் இப்போது அதன் காதைப் பிடித்துக் கொண்டு நடக்கிறான். ஐப்பசி பிறந்தால் மணி இன்னமும் காலை நக்கத்தான் செய்கிறது.